அடுத்த அப்டேட்டில் உங்களுக்கு என்ன வேண்டும்? நெல்லைச் சீமைக்காரர்கள் சொல்லுங்கள்

பொருநைக்கரை (பாளையங்கோட்டை):

ஆண்ட்ராய்டு ஆனாலும் ஐபோன் ஆனாலும் ஆண்டுக்கொரு புதுப் பதிப்பு வந்துவிடுகிறது. வந்ததும் புதுமைகளை அடுக்குகிறார்கள். ஐகானின் மூலை வளைந்திருக்கிறதாம், பின்னணி கண்ணாடியாக மின்னுகிறதாம், போட்டோவில் பக்கத்தில் நிற்கிறவரை அழித்துவிடலாமாம். இதையெல்லாம் நம் பக்கத்தில் யார் கேட்டார்கள் என்று தெரியவில்லை. நமக்கு என்ன வேண்டும் என்று நாமே எழுதிவைப்போம். கம்பெனிக்காரர்கள் படித்தால் சரி, படிக்காவிட்டாலும் நமக்குள் பேசிக்கொண்ட மாதிரி இருக்கும்.

முதலில் என்னுடையது. அப்டேட் வந்த பிறகும் பொத்தான்கள் பழைய இடத்திலேயே இருக்க வேண்டும். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. அழைப்பை எடுக்க எந்தப் பக்கம் தள்ள வேண்டும், டார்ச் எங்கே இருக்கிறது, சத்தத்தை எங்கே கூட்டுவது என்று கை பழகிவைத்திருந்தது. புதுப் பதிப்பில் மேலேயிருந்து இழுக்கிற திரையை இரண்டாகப் பிரித்துவிட்டார்கள். இடப்பக்கம் இழுத்தால் அறிவிப்புகள், வலப்பக்கம் இழுத்தால் டார்ச்சும் வைஃபையும். "போன் கெட்டுப்போச்சுய்யா" என்கிறாள். கெடவில்லை என்று சொன்னால் நம்பவும் மாட்டேன் என்கிறாள்.

பாதுகாப்புக்கான திருத்தங்கள் உள்ளே வரட்டும். முகத்தை மாற்றுவதா வேண்டாமா என்பதை மட்டும் நம்மிடம் கேட்கட்டும். "பழைய தோற்றமே போதும்" என்று ஒரு பொத்தான் இருந்தால் எனக்குப் போதும்.

வள்ளியூர்க் காற்று:

சார்ஜ் இரண்டு நாள் நிற்க வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம். நன்றி, வணக்கம்.

தென்காசிச் சாரல்:

பொருநைக்கரை அண்ணாச்சி, நீங்கள் கேட்பதில் பாதி ஏற்கெனவே நடக்கிறது. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சில உள்பாகங்களை மட்டும் தனியாகப் பிரித்து, ப்ளே ஸ்டோர் வழியாகவே புதுப்பிக்கிறார்கள். அமைப்புகளில் "கூகுள் ப்ளே சிஸ்டம் அப்டேட்" என்று தனியாக ஒரு வரி இருக்கும், பாருங்கள். அதில் தோற்றம் மாறாது. உங்கள் அம்மா போனில் திரையைப் பிரித்தது கூகுளாக இருக்க வேண்டும் என்றில்லை. போன் கம்பெனிகள் தங்கள் பங்குக்கு மேலே ஒரு பூச்சு பூசுகின்றன. அந்தப் பூச்சைத்தான் ஆண்டுதோறும் சுரண்டிவிட்டு மறுபடி பூசுகிறார்கள். சில போன்களில் அமைப்புகளுக்குள் போய் இரண்டு திரையையும் பழையபடி சேர்த்துக்கொள்ள முடியும். தேடிப் பாருங்கள்.

என் ஆசை வேறு. செயற்கை நுண்ணறிவு என்றாலே இங்கே சிலருக்கு எரிச்சல் வரும், தெரியும். ஆனால் அது நெட் இல்லாமல், போனுக்குள்ளேயே, தமிழில் வேலை செய்ய வேண்டும். கூகுளின் ஜெமினி 2024-லேயே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டது. ஆனால் நான் கேட்கிற கேள்வி ஏதோ ஒரு நாட்டில் இருக்கிற கணினிக்குப் போய்த் திரும்பி வருகிறது. செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு மலைப்பாதையில் ஏறினால் சிக்னல் விட்டுவிட்டுத்தான் வரும். அங்கே அது ஊமையாகிவிடுகிறது. வகுப்பில் பேசுவதை எழுத்தாக மாற்றுவது, ஆங்கிலப் பாடக் குறிப்பைத் தமிழில் புரியவைப்பது, இரண்டும் நெட் இல்லாமல் நடந்தால் என்னை மாதிரி மாணவிகளுக்கு எவ்வளவு உதவி!

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

கடையில் உட்கார்ந்து தினமும் போனைத் திறந்து பார்க்கிறவன் சொல்கிறேன். "இந்தப் புது வசதி ஏன் என் போனில் இல்லை" என்று கேட்டு யாரும் கடை ஏறியதில்லை. அப்டேட் போட்ட பிறகு சூடாகிறது, சார்ஜ் இறங்குகிறது, மெமரி நிறைந்துவிட்டது, டிஸ்ப்ளேயில் பச்சைக்கோடு விழுந்துவிட்டது, இவைதான் வருகிற புகார்.

இதில் சூட்டுக்கும் சார்ஜுக்கும் பெரும்பாலும் ஒரு சாதாரணக் காரணம் உண்டு. பெரிய அப்டேட் ஏறியதும் போன் உள்ளே இருக்கிற ஆப்களை எல்லாம் புதுப் பதிப்புக்கு ஏற்ற மாதிரி மறுபடி தயார் செய்யும். போட்டோக்களை மறுபடி வரிசைப்படுத்தும். ஓரிரு நாள் இந்த வேலை ஓடும். அதுவரை சூடும் இருக்கும், சார்ஜும் இறங்கும். பிறகு தானாகவே அடங்கிவிடும். "இரண்டு நாள் பொறுங்கள், உள்ளே வேலை நடக்கிறது" என்று திரையில் ஒரு வரி காட்டினால் பாதிப் பேர் கடைக்கே வரமாட்டார்கள். எனக்கு நஷ்டம்தான், பரவாயில்லை, காட்டட்டும். அதுவும் சித்திரை வெயிலில் பாளையங்கோட்டை நாற்பது டிகிரியைத் தொடுகிற நாளில் அப்டேட் போட்டுவிட்டு, போனைப் பைக் டேங்க் கவரில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினால் சூடாகாமல் என்ன செய்யும்?

பச்சைக்கோடு வேறு கதை. அது டிஸ்ப்ளே பேனலில் விழுகிற கோடு. போனை ரீசெட் செய்தாலும் போகாது. பேனலைத்தான் மாற்ற வேண்டும். சில போனில் அந்த விலைக்குப் பழைய போன் ஒன்றே வாங்கிவிடலாம்.

நான் கேட்பது இரண்டு. ஒன்று, ரிப்பேர் மோடு. கடையில் போனை விட்டுவிட்டுப் போகிறவர்கள் பூட்டு எண்ணையும் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். உள்ளே வீட்டுப் பெண்களின் போட்டோ இருக்கும், பேங்க் ஆப் இருக்கும். ரிப்பேர் மோடைப் போட்டுக் கொடுத்தால் நாங்கள் டச், ஸ்பீக்கர், கேமரா எல்லாம் சோதித்துக்கொள்ளலாம், உங்கள் சமாச்சாரம் எதுவும் எங்கள் கண்ணில் படாது. சாம்சங் 2022-இல் கொண்டுவந்தது, கூகுள் பிக்சல் 2023 கடைசியில் கொண்டுவந்தது. பத்தாயிரம் ரூபாய் போனிலும் இது வர வேண்டும். விலை உயர்ந்த போன் வைத்திருப்பவருக்குத்தான் மானம் இருக்கிறதா?

இரண்டாவது, அப்டேட் ஆயுள். அதைப் பிறகு எழுதுகிறேன். கடையில் ஆள் நிற்கிறது.

முக்கூடல் மகள்:

எங்கள் அம்மா பீடி சுற்றுகிறவர்கள். சின்ன வயதிலிருந்தே சுற்றுகிறார்கள். இலையை வெட்டி, தூளை வைத்து, உருட்டி உருட்டி விரல் நுனியில் ரேகையே தேய்ந்துவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் ஏற்காது. போனிலும் அதே கதைதான். விரலை வைக்க வைக்க "மீண்டும் முயலவும்" என்கிறது. அப்புறம் சிறிது நேரம் பூட்டிக்கொள்கிறது.

இப்போது யூபிஐ-யில் ரகசிய எண்ணுக்குப் பதிலாக ரேகையையோ முகத்தையோ வைத்துப் பணம் அனுப்பலாம் என்று 2025 அக்டோபரில் அறிவித்தார்கள். விருப்பப்பட்டால்தான், கட்டாயம் இல்லை. ஆனாலும் எல்லா ஆப்பும் ரேகையை நோக்கியே போனால் அம்மா மாதிரி இருப்பவர்கள் எங்கே போவார்கள்? முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், மேலப்பாளையம் என்று இந்தப் பக்கம் எத்தனை வீட்டில் பீடித் தட்டு இருக்கிறது! ரேகை சரியாகப் படியாதவர்களுக்கு என்று ஒரு வழியைப் போன் தானாகவே காட்ட வேண்டும். இரண்டு முறை தோற்றால் மூன்றாம் முறை பூட்டு எண்ணைப் பெரிய எழுத்தில் கேட்கட்டும். பூட்டிக்கொண்டு முழிக்க வேண்டாம்.

இன்னொன்று. எழுத்தைப் பெரிதாக்கினால் தமிழ் வெட்டுப்படுகிறது. எழுத்தை 200 சதவீதம் வரை பெரிதாக்கலாம் என்று ஆண்ட்ராய்டு 14-இல் கொடுத்தார்கள். நல்லதுதான். ஆனால் பொத்தானுக்குள் ஆங்கிலச் சொல் அடங்குகிறது, தமிழ்ச் சொல் பாதியில் மூன்று புள்ளியாக முடிந்துவிடுகிறது. "நிராக…" என்று இருந்தால் அது நிராகரியா, நிராகரிக்க வேண்டாமா? அம்மா என்னிடம் கேட்காமல் எதையும் தொடுவதில்லை. அப்டேட் வெளியிடுவதற்கு முன்னால் தமிழில் வைத்து, பெரிய எழுத்தில் வைத்து ஒருமுறை பார்த்துவிட்டு வெளியிடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

முக்கூடல் தங்கச்சி, உங்கள் அம்மாவுக்கு இப்போதைக்கு இரண்டு வழி. வேலை அதிகம் செய்யாத விரலாகப் பாருங்கள், சுண்டுவிரல் நல்லது. அதே விரலை இரண்டு தனி விரல் போல இரண்டு தடவை பதியுங்கள், ஒருதரம் நேராக, ஒருதரம் சாய்த்து. பதியும் முன் கையைக் கழுவி, ஈரம் துடைத்து, கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டால் நிறையப் பேருக்கு ஏற்கிறது. டச்சும் சரியாக ஏற்கவில்லை என்றால் டிஸ்ப்ளே அமைப்பில் "டச் உணர்திறன்" என்று இருக்கிறதா பாருங்கள். சில போனில்தான் உண்டு.

முக்கூடல் மகள்:

சரி அண்ணாச்சி, செய்து பார்க்கிறேன். சுண்டுவிரல் யோசனை எனக்குத் தோன்றவே இல்லை.

இருளிலும் இணையம்:

நான் பார்வையற்றவன். பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளியில் படித்து, அங்கேயே வேலையும் தேடிக்கொண்டவன். நான் போனைப் பார்ப்பதில்லை, கேட்கிறேன். டாக்பேக் என்ற வசதி திரையில் இருப்பதை வாசிக்கும். வலப்பக்கம் தடவினால் அடுத்த பொருள், இரண்டு தட்டு தட்டினால் திறக்கும்.

பொருநைக்கரை சார் பொத்தான் இடம் மாறுவதைப் பற்றிச் சொன்னார். உங்கள் அம்மாவுக்காவது கண்ணால் தேட முடியும். எனக்கு அது மனதில் இருக்கிற வரைபடம். மூன்றாவது தடவலில் "அனுப்பு" வரும் என்று வைத்திருப்பேன். அப்டேட்டுக்குப் பிறகு மூன்றாவது தடவலில் விளம்பரம் வருகிறது. அதைவிடக் கொடுமை, பெயர் கொடுக்காத பொத்தான். ஆப் செய்கிறவர் அந்தப் படத்துக்கு ஒரு பெயர் எழுதாமல் விட்டால் டாக்பேக் "பெயரிடப்படாத பொத்தான்" என்று சொல்லும். பணம் கட்டுகிற பக்கத்தில் பெயரிடப்படாத பொத்தான் மூன்று வரிசையாக இருந்தால் எதை அழுத்துவது?

என் கோரிக்கை இது. பொத்தானுக்குப் பெயர் இல்லாத ஆப்பை ஸ்டோரில் ஏற்றவே விடக்கூடாது. போன் அமைப்பே அதைக் கட்டாயமாக்க முடியும். மற்றபடி தமிழ்க் குரல் கூகுளிலேயே இருக்கிறது, நன்றாகவே படிக்கிறது. எங்களில் பலர் இ-ஸ்பீக் என்ற திறமூலக் குரலையும் வைத்திருக்கிறோம். கேட்கக் கரகரப்பாக இருக்கும், ஆனால் எத்தனை வேகத்தில் விட்டாலும் தெளிவு குறையாது. நீங்கள் யாராவது பக்கத்தில் இருந்து கேட்டால் ஒரு சொல்லும் புரியாது. அதுவே எங்களுக்கு ஒரு பூட்டு.

ஊரில் காது கேளாதோர் பள்ளியும் இருக்கிறது. அங்கே படித்த நண்பர்கள் கேட்பது, யார் தமிழில் பேசினாலும் உடனே திரையில் எழுத்தாக ஓட வேண்டும் என்பது. லைவ் டிரான்ஸ்கிரைப் என்ற ஆப் தமிழையும் எழுதுகிறது. அது எழுதுவது மேடைத் தமிழ் பேசினால் சரியாக வருகிறது. நம் ஊர்ப் பேச்சைக் கேட்டால் திணறுகிறது. "எங்க போறிய? சாப்பிட்டியளா?" என்று ஆச்சி ஒருத்தி கேட்டதை அது எழுதிய விதத்தைப் படித்து நண்பர் சிரித்துவிட்டார்.

தென்காசிச் சாரல்:

சார், நீங்கள் கடைசியில் சொன்னதற்குத்தான் நான் செயற்கை நுண்ணறிவு கேட்டேன். நம் வட்டார வழக்கில் நிறையப் பேச்சுப் பதிவுகள் கொடுத்துப் பயிற்றுவித்தால்தான் அது பிடிபடும். யாரும் கொடுக்காவிட்டால் அடுத்த பத்துப் பதிப்பு வந்தாலும் இப்படித்தான் இருக்கும்.

வள்ளியூர்க் காற்று:

எங்கள் மாமா பேசுவதை எந்தப் போனும் எழுத வேண்டாம். அச்சில் ஏற்ற முடியாது.

ஏரல் வாழை:

எல்லோரும் சொல்வது சரிதான். ஆனால் நான் கேட்பது உயிர்ச் சமாச்சாரம்.

2023 டிசம்பர் 17, 18-ஐ இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் நின்றுபோய், நூற்றுக்கணக்கான பேர் உள்ளே மாட்டிக்கொண்டார்கள். எங்கள் தோட்டத்தில் வாழை இருந்த இடம் தெரியவில்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை. மொட்டை மாடியில் ஏறி நின்றுகொண்டு கையில் போனை வைத்திருக்கிறோம், அது டார்ச்சாக மட்டும் பயன்படுகிறது. சிக்னல் தேடித் தேடியே அதன் சார்ஜும் தீர்ந்துபோனது.

அதனால் என் ஆசை, வெள்ளம் மாதிரி நேரத்துக்கு என்று போனுக்குள் ஒரு நிலை. அதைப் போட்டால் போன் சிக்னலை ஓயாமல் தேடாமல் அவ்வப்போது மட்டும் தேட வேண்டும். திரை மங்க வேண்டும். மற்ற ஆப் எல்லாம் உறங்க வேண்டும். அதோடு, டவரே இல்லாவிட்டாலும் பக்கத்து மாடியில் இருக்கிற போனுக்கும் இந்தப் போனுக்கும் செய்தி போக வேண்டும். அங்கிருந்து அடுத்த மாடிக்கு. எங்கள் தெருக்கோடியில் ஒரு பிரசவத்துப் பெண் இருந்தாள். அந்த வீட்டில் என்ன நிலவரம் என்று தெரிந்துகொள்ள இடுப்பளவு தண்ணீரில் ஆள் போக வேண்டியிருந்தது.

இது நடக்கிற காரியமா, கதையா?

தென்காசிச் சாரல்:

நடக்கிற காரியம்தான் அண்ணாச்சி. பிரையர் என்று ஒரு ஆண்ட்ராய்டு ஆப் இருக்கிறது. ப்ளூடூத், வைஃபை வழியாகவே பக்கத்துப் போனுக்குச் செய்தி அனுப்பும், நெட் வேண்டாம். சிக்கல் என்னவென்றால் இரண்டு பேர் போனிலும் அது முன்கூட்டியே இருக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு எங்கே போய் இறக்குவது? அதனால்தான் இது ஆப்பாக இல்லாமல் போன் அமைப்பிலேயே இருக்க வேண்டும் என்கிறேன். ப்ளூடூத் எட்டும் தூரம் கொஞ்சம்தான், ஆனால் ஏரல் மாதிரி வீடுகள் ஒட்டி இருக்கிற ஊரில் மாடிக்கு மாடி தாண்டிப் போய்விடும்.

அபுதாபி நெல்லையான்:

ஐபோனில் 2022-இல் வந்த 14 மாடலிலிருந்து, டவர் இல்லாத இடத்தில் செயற்கைக்கோள் வழியாக உதவி கேட்கும் வசதி உண்டு. ஆனால் அது சில நாடுகளில்தான் வேலை செய்யும், இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. அதே போனை ஊருக்குக் கொண்டுவந்தால் அந்த வசதி சும்மாதான் கிடக்கும். போனுக்குள் பொருள் இருக்கிறது, சட்டமும் அனுமதியும் சேர வேண்டும். இந்தியாவில் செயற்கைக்கோள் போனுக்கு அனுமதி இல்லாமல் தொடவே முடியாது என்பதால் அது அப்டேட்டால் மட்டும் தீராது.

ஐபோன்காரர்களுக்கு ஒரு நல்ல சேதி. 2025-இல் வந்த 18.4 பதிப்பிலிருந்து போன் முழுவதையும் தமிழில் வைத்துக்கொள்ளலாம். தமிழ்த் தட்டச்சு 2013-இலேயே வந்துவிட்டது, மெனு தமிழாவதற்குத்தான் இத்தனை காலம்.

இருளிலும் இணையம்:

ஏரல் அண்ணாச்சி சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன். எஃப்.எம். ரேடியோ. பல போனில் அதற்கான சிப் உள்ளே இருந்தும் கம்பெனி அதைத் திறந்துவிடுவதில்லை. 2023-இல் மத்திய அரசே போன் தயாரிப்பாளர்களிடம் சொன்னது, பேரிடர் நேரத்தில் தேவைப்படும், எஃப்.எம்-ஐ அணைத்துவைக்காதீர்கள் என்று. அதற்கு ஹெட்செட் ஒயர்தான் ஏரியல். இப்போது பல போனில் அந்த ஓட்டையையே எடுத்துவிட்டார்கள். டவர் விழுந்தாலும் ரேடியோ கேட்கும். எந்த அணையில் எவ்வளவு திறந்துவிடுகிறார்கள் என்பது காதில் விழுந்தால் போதுமே.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

இப்போது அப்டேட் ஆயுள்.

ஒரு புதுப் பதிப்பு கூகுளிடமிருந்து நேராக உங்கள் போனுக்கு வருவதில்லை. கூகுள் வெளியிடும், அதைச் சிப் செய்கிற குவால்காமோ மீடியாடெக்கோ தங்கள் சிப்புக்கு ஒத்துப்போகச் செய்யும், பிறகு போன் கம்பெனி தன் பூச்சைப் பூசிச் சோதிக்கும். இந்தச் சங்கிலியில் யாராவது ஒருவர் "அந்தச் சிப் பழசு" என்று கைவிட்டால் போச்சு. போன் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் பாதுகாப்புத் திருத்தம் வராது. சில வருடம் கழித்து பேங்க் ஆப் "உங்கள் பதிப்பு பழையது" என்று திறக்க மறுக்கும். போர்டு நல்லது, பேட்டரி நல்லது, டிஸ்ப்ளே நல்லது, ஆனால் போனைத் தூக்கிப்போட வேண்டும். என் கடையில் அலமாரி நிறைய அப்படிப்பட்ட போன்கள்.

கூகுள் பிக்சல் 8-க்கு 2023-இல் ஏழு வருடம் என்றது. சாம்சங் எஸ்24-க்கு 2024-இல் ஏழு வருடம் என்றது. இதையெல்லாம் வாங்குகிறவர் மூன்று வருடத்தில் மாற்றிவிடுவார். பத்தாயிரத்துக்கு வாங்குகிற ஆள்தான் ஆறு வருடம் வைத்திருப்பார், பிறகு மகளுக்குக் கொடுப்பார். அவருக்குத்தான் ஆயுள் குறைவு.

தென்காசிச் சாரல்:

அண்ணாச்சி, அது கொஞ்சம் மாறிவருகிறது. சாம்சங் ஏ16 நடுத்தர விலைப் போன்தான், அதற்கு ஆறு வருடம் சொல்லியிருக்கிறார்கள். ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் சட்டமே வந்துவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்தின நாளிலிருந்து குறைந்தது ஐந்து வருடம் அப்டேட் கொடுத்தாக வேண்டும். இங்கேயும் அப்படி ஒன்று வந்தால் கம்பெனிகள் வழிக்கு வரும்.

பொருநைக்கரை:

சட்டம் போட்டால் விலையை ஏற்றுவார்களே தங்கச்சி. பத்தாயிரம் போன் பன்னிரண்டாயிரம் ஆகும்.

தென்காசிச் சாரல்:

ஏறட்டும் அண்ணாச்சி. மூன்று வருடத்துக்கொரு போன் வாங்குவதைவிட ஆறு வருடத்துக்கொரு போன் வாங்கினால் மிச்சம் யாருக்கு?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

தங்கச்சி கணக்கு சரி. ஆனால் வாங்குகிறவர் கையில் அன்றைக்கு இரண்டாயிரம் அதிகம் இருக்க வேண்டுமே. தவணையில் வாங்குகிற வீடுகளைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நான் சட்டத்துக்கு எதிரி இல்லை. பெட்டியின் மேலே, விலைக்குப் பக்கத்தில், "இந்தப் போனுக்கு இந்த மாதம், இந்த வருடம் வரை அப்டேட்" என்று மாத்திரை அட்டையில் காலாவதி போட்டிருப்பது போல அச்சடிக்கச் சொல்லுங்கள். முதலில் அது போதும். ஆளே பார்த்து வாங்கிக்கொள்வார்.

அபுதாபி நெல்லையான்:

எனக்கு வேண்டியது திரும்பிப் போகிற வழி. விண்டோஸ் 11-இல் புதுப் பதிப்பு பிடிக்கவில்லை என்றால் பத்து நாளுக்குள் பழையதற்குத் திரும்பலாம். போனில் ஏன் இல்லை?

தென்காசிச் சாரல்:

போனில் பாதி இருக்கிறது. இப்போதைய ஆண்ட்ராய்டு, அப்டேட்டைத் தனி இடத்தில் ஏற்றிவைத்து, அடுத்த முறை போனை அணைத்துப் போடும்போது அதற்குத் தாவும். புதியது சரியாகத் திறக்காவிட்டால் தானாகவே பழையதற்குத் திரும்பிவிடும். ஆனால் ஒழுங்காகத் திறந்துவிட்டால் பழையதை அழித்து இடத்தை எடுத்துக்கொள்ளும். உங்களுக்குப் பிடித்ததா என்று கேட்காது, திறந்ததா என்றுதான் பார்க்கும். இன்னொன்று, பழைய பதிப்பில் இருக்கிற ஓட்டை ஊருக்கே தெரிந்த பிறகு அதற்குத் திரும்ப விடுவது திருடனுக்கு வசதி. அதனால் பல கம்பெனிகள் வேண்டுமென்றே தடுக்கின்றன.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

64 ஜிபி போனில் பழையதையும் பத்து நாள் வைத்திருக்க இடம் ஏது? இப்போதே "மெமரி ஃபுல்" என்றுதான் வருகிறார்கள்.

கல்லிடை வியாபாரி:

மோசடியைப் பற்றி யாரும் பேசவில்லையே. எனக்குத் தெரிந்தவர் ஒருவருக்குப் பழக்கமான எண்ணிலிருந்தே "கல்யாணப் பத்திரிகை" என்று ஒரு கோப்பு வந்தது. நம் ஊரில் பத்திரிகையைத் திறக்காமல் இருக்க முடியுமா? மொய் எழுத வேண்டாமா? திறந்தார். அது பத்திரிகை இல்லை, ஆப். உள்ளே ஏறிக்கொண்டு அவருக்கு வருகிற ஓடிபி-யை எல்லாம் வேறு எங்கோ அனுப்பியது. பேங்கில் இருந்ததைத் துடைத்துவிட்டார்கள். இணைய மோசடிப் புகாருக்கான 1930-க்கு உடனே கூப்பிட்டதால் ஒரு பகுதி மட்டும் நின்றது.

படம் வேறு, ஆப் வேறு என்று போன் கத்திச் சொல்ல வேண்டும். "தெரியாத மூலம்" என்று எழுதினால் யாருக்குப் புரியும்? "இது பத்திரிகை இல்லை. இதைப் போட்டால் உங்கள் பணம் போகலாம்" என்று தமிழில், சிவப்பில், வாயால் படித்துச் சொல்லட்டும்.

தென்காசிச் சாரல்:

இதில் கொஞ்சம் வேலை நடந்திருக்கிறது. 2024 கடைசியில் கூகுள் இந்தியாவில் ஒரு சோதனையைத் தொடங்கியது. வெளியிலிருந்து வருகிற ஆப், எஸ்எம்எஸ் படிக்கவோ திரையை ஆளவோ அனுமதி கேட்டால் ப்ளே ஸ்டோரின் காவல் வசதியான ப்ளே ப்ரொடெக்ட் அதை ஏறவிடாமல் தடுக்கும். ஆண்ட்ராய்டு 16-இல் இன்னொன்று சேர்த்தார்கள். சேமித்துவைக்காத எண்ணோடு பேசிக்கொண்டிருக்கும்போது வெளியிலிருந்து முதன்முறையாக ஆப் ஏற்றவோ, திரையை ஆள அனுமதி கொடுக்கவோ முடியாது. "லைனிலேயே இருங்க சார், நான் சொல்றதை அழுத்துங்க" என்கிற ஆட்களுக்காகவே செய்தது.

கல்லிடை வியாபாரி:

16 யார் போனில் இருக்கிறது? அவர் போனில் 11. சர்வீஸ் அண்ணாச்சி சொன்ன இடத்துக்கே திரும்பி வருகிறோம்.

முக்கூடல் மகள்:

அப்படியென்றால் பழைய போனுக்கு இப்போது என்ன செய்யலாம்? அம்மா போனும் பழசுதான்.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

ப்ளே ஸ்டோரைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டால் ப்ளே ப்ரொடெக்ட் இருக்கும். அது அணைந்திருக்கிறதா பாருங்கள். விளையாட்டு ஆப் ஏற்றுவதற்காகப் பையன்கள் அணைத்துவைத்திருப்பார்கள். பிறகு அமைப்புகளில் கூகுள் பகுதிக்குள் "திருட்டுப் பாதுகாப்பு" இருக்கும், பதிப்பு 10-உம் அதற்கு மேலும் உள்ள போனுக்கு உண்டு. கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடினால் போன் அசைவை வைத்தே பூட்டிக்கொள்ளும். "தெரியாத ஆப்களை நிறுவுதல்" என்று தேடி, செய்தி ஆப்பாகட்டும் பிரவுசராகட்டும் எல்லாவற்றுக்கும் அனுமதியை எடுத்துவிடுங்கள்.

ஏரல் வாழை:

அந்த அபாய எச்சரிக்கை எங்கே இருக்கிறது அண்ணாச்சி? 2023-இல் ஒருநாள் எல்லார் போனும் ஒரே நேரத்தில் அலறியதே, சோதனை என்று வந்தது, அதைச் சொல்கிறேன்.

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

அமைப்புகளில் "பாதுகாப்பு மற்றும் அவசரநிலை" என்பதற்குள் "வயர்லெஸ் அவசர எச்சரிக்கைகள்". சில போனில் வேறு இடத்தில் இருக்கும், மேலே தேடல் பெட்டியில் "அவசர" என்று அடியுங்கள். அது எஸ்எம்எஸ் மாதிரி ஒவ்வொரு நம்பருக்கும் போவதில்லை. ஒரு டவர் தன் எல்லையில் இருக்கிற எல்லாப் போனுக்கும் ஒரே நேரத்தில் சொல்லிவிடும். லைன் நெரிசலாக இருந்தாலும் வரும். டவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இருளிலும் இணையம்:

அதே பக்கத்தில் எச்சரிக்கையை வாசித்துக் காட்டும் வசதியும் பல போனில் இருக்கிறது. அதையும் போட்டுவிடுங்கள். ராத்திரி கண்ணாடி தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

ஏரல் வாழை:

கண்டுபிடித்துவிட்டேன். எல்லாம் ஆன் ஆகத்தான் இருக்கிறது. "சோதனை எச்சரிக்கைகள்" என்பது மட்டும் அணைந்திருக்கிறது. அதைப் போடவா, வேண்டாமா?

வண்ணார்பேட்டை சர்வீஸ்:

போட்டுக்கொள்ளுங்கள். நடுச்சாமத்தில் கத்தினால் மட்டும் என் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள்.